வாளி இல்லாத படம்

'வாளி நிறையட்டும்' என்று ஒரு சிரிப்புப் படம் வந்து ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தது. வேடிக்கை என்னவென்றால், முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை அந்தப் படத்தில் ஒரு வாளி கிடையாது. வாளி என்ன வாளி, ஒரு குவளை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடையாது. மின்சாரம் போய் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஐந்து பேர், அவ்வளவுதான் கதை. பிறகு எதற்கு இந்தத் தலைப்பு? எடுத்தவரும் சொல்லவில்லை, எழுதியவளும் சொல்லவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டால் சம்பந்தமில்லாதவர்கள் திறப்பார்கள்.

முடிதிருத்தும் கடையில், தயாரிப்பாளரின் மாமனார் பிளாஸ்டிக் கம்பெனி வைத்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் ஒரு பேராசிரியர், வாளி என்பது மனித மனத்தின் வெறுமை என்று அரை மணி நேரம் தொண்டை கிழியப் பேசினார். பாத்திரக்கடைக்காரர் மட்டும் எதையும் ஆராயாமல் படத்தின் பெயரை ஒட்டி வாளி விற்றுத் தீர்த்தார். ஊரில் புத்திசாலி அவர் ஒருவர்தான்.

நம்முடைய ஆளுக்கு இதெல்லாம் பார்க்கப் பார்க்க எரிந்தது. அலுவலகத்தில் அவருக்கு 'உரையாசிரியர்' என்று பட்டப்பெயர். வேலை, வாகனக் காப்பீட்டில் சேதம் பார்க்கும் சர்வேயர். மோதிய காரைக் கொண்டுவந்து நிறுத்தினால், எப்படி மோதியது என்று ஓட்டினவனைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பார். பிறகு மோதிய இடத்துக்கே கூட்டிப்போய் நடத்திக் காட்டச் சொல்வார். நடத்திக் காட்டும்போது எப்படிப்பட்ட புளுகனும் மாட்டிக்கொள்வான். அந்த விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே மூளையை சினிமாவுக்குக் கடன் கொடுத்தார். முன்னறையில் கைப்பேசியை ஸ்டாண்டில் மாட்டி, படங்களின் உள்ளர்த்தங்களை நேரலையில் பிரித்து மேய்வார். பார்க்க ஒரு கூட்டமே இருந்தது. கேமராவை மகள் பார்த்துக்கொள்வாள். பார்வையாளர்கள் எழுதும் கருத்துகளை அவருடைய அக்கா உரக்க வாசிப்பாள். அந்த அக்கா பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எதைக் கொடுத்தாலும் நிறுத்தாமல் கடைசிவரை வாசித்துவிடுவாள்.

வீட்டிலும் அவர் சர்வேயர்தான். அவர் எதிரில் யாராவது சிரித்தால் போதும். "என்ன சிரிப்பு? சொன்னா நானும் சிரிப்பேன்ல?" என்பார். சொன்னால், "இதுல சிரிக்க என்ன இருக்கு? முதல்லேருந்து சொல்லு" என்பார். ஒரு சிரிப்பை எப்போதாவது விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? செத்த கோழிக்கு வைத்தியம் பார்க்கிற மாதிரிதான். விளக்க முடியாமல் விழித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரித்ததாக முடிவு கட்டி நாள் கணக்கில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். படத்தில், லிஃப்டில் மாட்டிய ஐந்து பேரில் ஒருவன் இதே ரகம். அவன் வாயைத் திறந்தாலே தியேட்டர் அதிர்ந்தது. உரையாசிரியர் மட்டும், அவன் கேட்பது நியாயம்தானே என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படம் முடிந்து, 'எழுத்து' என்ற இடத்தில் அவருடைய பழைய மனைவியின் பெயர் வந்தது. தன் பெயரின் ஒட்டு இல்லாமல் அந்தப் பெயரை அவர் எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலைப்பு எங்கிருந்து வந்தது என்பது அந்த நிமிடமே அவருக்குப் புரிந்துவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் புரிந்திருக்க வழியில்லை.

அவள் இந்த வீட்டில் இருந்த காலத்தில், சாயங்காலம் ஆனால் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். குழாயைத் திறந்துவிடுவாள். ஒரு மணி நேரம் ஆனாலும் வெளியே வரமாட்டாள். இவர் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஒரே பதில்தான் வரும்: "வாளி நிறையட்டும், வர்றேன்." வரும்போது தலை நனைந்திருக்காது, துணியும் துவைத்திருக்காது. விவாகரத்து வழக்கில் இவர் பிடித்த பிடி அதுதான். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, குழந்தையை இவளிடம் விடக்கூடாது என்றார். நீதிபதி அவளையே கேட்டார். "சிரிக்கிறதுக்குத்தாங்க போவேன்" என்றாள் அவள். நீதிமன்றம் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தது. தனியாக, தாழ் போட்டுக்கொண்டு, ஒரு மணி நேரம் சிரிக்கிறவளை வேறு எப்படிப் பார்க்கும்? அப்போது மகளுக்குப் பத்து வயது. நீதிபதி அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அம்மாகூட நீயும் உள்ள இருப்பியா பாப்பா?" என்று கேட்டார். மகள் அப்பாவைப் பார்த்துவிட்டு, "இல்லை" என்றாள். அவ்வளவுதான். மகள் இவரிடம் வந்துவிட்டாள். அம்மா மாதத்தில் ஒரு நாள் பார்க்கலாம் என்று உத்தரவானது. அந்த ஒரு நாளையும் காய்ச்சல், பரீட்சை என்று ஏதேதோ சொல்லி இவரும் அக்காவும் மெல்ல மெல்ல இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.

இப்போது மகள் வளர்ந்துவிட்டாள். பல் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குப் போகிறாள். படம் ஓடத் தொடங்கியதும் அம்மா ஆள் மூலமாகச் சொல்லியனுப்பியிருந்தாள், விருப்பமிருந்தால் வந்து தன்னோடு இருக்கலாம் என்று. மகள் இதை அப்பாவிடம் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நேராகவே கேட்டாள்.

"அப்பா, அம்மாவுக்கு நிஜமாவே மனசு சரியில்லாமத்தான் இருந்துச்சா? அதை மட்டும் எனக்கு நிரூபிச்சுக் காட்டுங்க. அப்புறம் நான் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கமாட்டேன்."

"நிரூபிக்கலேன்னா?"

"போயிடுவேன்."

சும்மா சொல்லக்கூடாது, மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். அவள் வேலை முடிந்து வரும்வரை சாப்பிடமாட்டார். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. ஆனால் பயத்தோடு பயமாக ஒரு தெம்பும் வந்தது. நிரூபிப்பதுதானே? அவருக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே?

"ஞாயித்துக்கிழமை லைவ்ல பண்றேன். ஊரே பார்க்கட்டும்" என்றார்.

"ஊரே பார்க்கட்டும்பா" என்றாள் மகளும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு நேரலை தொடங்கியது. வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். படத்தை எழுதியவள் இவருடைய மாஜி மனைவி என்று எவனோ மோப்பம் பிடித்து எழுதிவிட்டிருந்தான். அக்கா அதையும் விடாமல் வாசித்தாள்.

உரையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தனிப்பட்ட விஷயத்துக்கு நான் வரலை. உதாரணத்துக்கு ஒரு வீடு. ஒரு புருஷன், ஒரு பொண்டாட்டி. அந்த அம்மா தினமும் குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டு, 'வாளி நிறையட்டும், வர்றேன்'னு சொல்றாங்க. ஒரு மணி நேரம் ஆகுது. என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். ஒரு மணி நேரமா நிறையாத வாளி எந்த ஊரு வாளி?"

சிரிப்புப் பொம்மைகள் திரையில் மிதந்து ஏறின. அவருக்கு உற்சாகம் பிறந்தது. ஸ்டாண்டோடு கைப்பேசியைத் தூக்கிக்கொண்டுபோய், உதாரண வீட்டின் குளியலறை என்று தன் வீட்டுக் குளியலறை வாசலிலேயே வைத்தார். மகளை உள்ளே போகச் சொன்னார். அவள் தன்னுடைய கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தாழ் போட்டாள்.

"குழாயத் திறம்மா! காலி வாளிய வை!"

தண்ணீர் காலி வாளியில் தடதடவென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் இறங்கி, களகளப்பாகி, அடங்கிப்போனது. வாளி நிறைந்துவிட்டது.

"பார்த்தீங்களா? கொஞ்ச நேரந்தான். அதுக்குமேல ஒருத்தர் 'நிறையட்டும், நிறையட்டும்'னு சொல்லிக்கிட்டே உள்ள உட்கார்ந்திருந்தா, அதுக்குப் பேரு என்ன? காரணம் இல்லாத காரியத்துக்கு ஒரே ஒரு பேருதான் இருக்கு. அதை நான் என் வாயால சொல்ல விரும்பலை. இந்தத் தலைப்பு, பாவம், அவங்க நோயோட பேரு. அவ்வளவுதான் உள்ளர்த்தம்."

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியாமலா சொன்னார்கள். அக்கா அடுத்த கருத்தை வாசித்தாள். எழுதியவரின் பெயர் 'பக்கத்து வீட்டுக்காரி' என்று இருந்தது.

"'சார், உள்ள பேசுறது வெளிய கேட்குதா?'ன்னு கேட்டிருக்கா."

நல்ல கேள்வி. நல்ல கேள்வியைக் கண்டால் அவருக்குக் கை பரபரக்கும். "வாளியைக் கவுத்துட்டு மறுபடியும் வச்சுட்டுப் பேசும்மா. பாடு. கத்து." மகள் பேசினாளோ, பாடினாளோ, வெளியே தடதடப்பைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வாளி நிறைய நிறைய, அவள் குரல் மெல்லத் தெரிந்தது. நிறைந்ததும் தெளிவாகவே கேட்டது. ஏதோ பழைய பாட்டு.

"ஆகவே," என்றார், "வாளி காலியா இருக்கறவரைக்கும் உள்ள இருக்கிற குரல் வெளிய வராது. நிறைஞ்சா வந்துடும்."

"'அப்போ உங்க உதாரண வீட்டுல சத்தம் அடங்கிச்சா சார்?'" என்று வாசித்தாள் அக்கா. அதே பக்கத்து வீட்டுக்காரி.

அவர் கண்ணை மூடி யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் சேதம் பார்க்கும்போது அவர் பொய் சொன்னதே கிடையாது, அது ஒன்றுதான் அவருடைய பெருமை. அந்தச் சாயங்காலங்களை நினைவில் கொண்டுவந்தார். கதவுக்கு வெளியே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்ற தன்னை, தட்டிய கையை, உள்ளே கேட்ட தண்ணீரை.

"இல்லை. அடங்கவே இல்லை. ஒரு மணி நேரமும் தடதடன்னுதான் இருந்துச்சு. நடுவுல நிக்கக்கூட இல்லை."

சொன்ன பிறகுதான் அந்தப் பதில் என்ன பதில் என்று அவருக்கே உறைத்தது. அடங்கவில்லை என்றால் வாளி நிறைய நிறையக் கவிழ்க்கப்பட்டிருக்கிறது. நடுவில் நிற்கவில்லை என்றால் ஒன்றைக் கவிழ்க்கும்போதே இன்னொன்று குழாயடிக்குப் போயிருக்கிறது. வயிறு வலிக்கச் சிரிக்கிற ஒருத்தியால், ஒரு மணி நேரம், ஒரு விநாடிகூடத் தவறாமல் வாளி மாற்ற முடியுமா? புருஷனாக இருந்திருந்தால் இங்கே வாயை மூடியிருப்பார். சர்வேயரின் வாய் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப உள்ள ரெண்டு பேரு இருந்திருக்காங்க. சிரிச்சது ஒருத்தர்னா, வாளிய மாத்தினது இன்னொருத்தர். அந்த அம்மா வெளிய வரும்போது புடவை நனைஞ்சிருக்காது, அது எனக்கு நல்லா ஞாபகம். கவுக்குறவங்க மேலதான் தண்ணி தெறிக்கும். நனைஞ்சிருந்தது..."

நனைந்திருந்தது ஒரு கவுன். மஞ்சள் கவுன், நீலக் கவுன், பள்ளிச் சீருடை. அம்மா வெளியே வந்து, இவர் கதவைவிட்டு நகர்ந்த பிறகு, ஓரமெல்லாம் சொட்டச் சொட்ட மகள் பின்கட்டில் போய் நிற்பாள். தண்ணியில விளையாடாதேன்னு எத்தனை தடவை சொல்றது என்று காதைத் திருகியிருக்கிறார். முதல் தடவையாக நேரலையில் ஒரு வாக்கியம் முடியாமல் நின்றது.

"யாருடா நனைஞ்சிருந்தது? சொல்லித் தொலையேன்" என்றாள் அக்கா.

தாழ் திறந்தது. மகள் வெளியே வந்தாள். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. ஒரு கையில் கைப்பேசி. அதன் திரையில், அக்கா கடைசியாக வாசித்த கேள்வி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அவளேதான்.

"நீதான் கேட்டியா?" என்றார்.

"நான் சொன்னா நம்பமாட்டீங்க. நடத்திப் பார்த்தாத்தானே நம்புவீங்க."

"நீ உள்ள இருந்தியா?"

"தினமும். அம்மா உங்களை மாதிரியே நடந்து காட்டுவாங்க. உங்களை மாதிரியே கண்ணாடியை மூக்குல இறக்கிக்கிட்டு, சோப்புகிட்ட கேள்வி கேட்பாங்க. நீ ஏன் கரையிற, முதல்லேருந்து சொல்லுன்னு. நான் சிரிச்சுச் சிரிச்சு உக்காந்துடுவேன். சத்தம் குறையும்போது, 'வாளி நிறைஞ்சுது, கவுத்துட்டு வா, அப்புறம் சிரிக்கலாம்'பாங்க. அது என் வேலை. ரெண்டு சின்ன வாளி. சில நாள் நான் கேட்கமாட்டேன், இப்பவே சிரிக்கணும்னு அழுவேன். 'வாளி நிறையட்டும்டி'ன்னு வாயைப் பொத்துவாங்க."

அக்காவின் கையிலிருந்த கைப்பேசி நிற்காமல் துடித்தது. உரையாசிரியர் அதைக் கவனிக்கவில்லை. தன்னை வைத்து ஒரு குளியலறைக்குள் நாள் தவறாமல் நடந்த நாடகத்தை, கதவுக்கு இந்தப் பக்கம் காவல் காத்தபடி தான் நின்றிருந்ததை, நினைத்துப் பார்த்தார். அவமானப்பட்ட மனுஷன் என்ன செய்வான்? கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். இவர் கையில் கிடைத்தது உண்மை.

"சரி," என்றார். குரல் மறுபடியும் அலுவலகக் குரலாகிவிட்டது. "உங்கம்மா பைத்தியம் இல்லை. ஒத்துக்கறேன். தனியாச் சிரிக்கல, குழந்தையோட சிரிச்சா. அதை அன்னிக்கு நீதிபதி உன்கிட்டதானே கேட்டாரு? என்ன சொன்ன?"

மகள் குனிந்து கால்சட்டையின் ஈரத்தைப் பிழிந்தாள்.

"இல்லைன்னு சொன்ன. நான் பார்த்ததைச் சொன்னேன். உங்கம்மா உண்மையைச் சொன்னா. அங்க பொய் சொன்ன ஒரே ஆள் நீ. அவளைப் பைத்தியம்னு ஆக்கினது நான் இல்லை. நீ. சேதத்துக்குப் பொறுப்பு யாருன்னு இப்பத் தெரியுதா?"

பத்து வயதுக் குழந்தை யாரைப் பார்த்து நடுங்கிக்கொண்டு அந்தப் பொய்யைச் சொன்னது என்பதையும் அவர் மதிப்பிட்டிருக்கலாம். அது அவருடைய கணக்கில் வரவில்லை. வராது. மகளின் முகம் வெளிறியதைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிடித்துவிட்டோம், இனி இவள் எந்த முகத்தோடு அங்கே போவாள் என்ற நினைப்பு.

"போ," என்றார். "தாராளமாப் போ. ஆனா போனதும் முதல்ல அவகிட்டச் சொல்லு, நான்தான்மா பொய் சொல்லி உன்னைக் கவுத்தேன்னு. சொல்லிட்டு, அவ உன்னைச் சேர்த்துக்கறாளான்னு பாரு."

மகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட எதைப்பா சொல்றது? நான் உள்ள இருந்தேனா இல்லையான்னு அவங்களுக்குத் தெரியாதா? நான் பொய் சொல்லும்போது பக்கத்துலதானே நின்னாங்க."

உரையாசிரியர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவங்க தப்பிச்சிருப்பாங்க. குழந்தையும் என்கூட இருந்துச்சு, கேட்டுப் பாருங்கன்னு. சொல்லல. நீதிபதி என்னைத் திரும்பவும் கேட்பாரு, நீங்க எதிர்லயே நிக்கறீங்க, ராத்திரி நான் உங்ககூடத்தான் வீட்டுக்குப் போகணும். அதுக்காக வாயை மூடிக்கிட்டாங்க. எனக்கு இதைப் புரிஞ்சுக்கவே இத்தனை வருஷம் ஆச்சு."

அவள் உள்ளே போனாள். அலமாரி திறந்து மூடும் சத்தம் கேட்டது. பை முன்பே கட்டிவைத்திருந்தாள்போல, அதிக நேரம் ஆகவில்லை. முன்னறை வழியாகத் திரும்பி வந்தபோது அவர் வழியில் நின்றார். கையைப் பிடிக்கவில்லை. கெஞ்சவும் தெரியவில்லை அவருக்கு. தெரிந்தது ஒன்றுதான்.

"அவ ஏன் அப்படிப் பண்ணணும்? எனக்குப் புரியலை. முதல்லேருந்து சொல்லு" என்றார்.

மகள் அவரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள். செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

நேரலை ஓடிக்கொண்டிருந்ததை யாரும் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கு விளக்கம் சொன்னவருக்கு இப்போது ஊர் விளக்கம் எழுதிக்கொண்டிருந்தது. பெற்றவள் என்றால் யார், பயம் என்றால் என்ன என்று, தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், அலுவலகத்துப் பியூன், அந்த வெறுமைப் பேராசிரியர் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல ஒவ்வொன்றாக உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். போதும் என்று அவர் கையைக் காட்டினார். அவள் தலை நிமிரவில்லை. இன்னும் நிறைய இருக்கு தம்பி, உட்காரு என்றாள்.